டெர்பி நகரின் மரச்சோலை: ஒரு பொதுக்கொடையின் வரலாறு

சென்ற மாதம் எமது மதரஸாவில் வக்ஃப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. நிலம், கிணறு, பள்ளிவாசல், மையவாடி என்று எடுத்துக்காட்டுகளைச் சொல்லிக்கொண்டு வந்தபோது பின்வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் எழுந்து கேட்டார்: "ஹஜ்ரத், சும்மா உட்கார்ந்து காற்று வாங்குவதற்கென்று ஒருவர் தோட்டத்தை வக்ஃப் செய்யலாமா?"

வகுப்பில் சிரிப்பு எழுந்தது. ஆனால் அவர் விளையாட்டுக்காகக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். எங்கள் ஊர்ப் பள்ளிவாசலுக்குப் பின்புறம் ஒரு பழைய தோப்பு இருக்கிறது. வழிப்போக்கர் நிழலுக்காகவென்று முன்னோர் ஒருவர் விட்டுச்சென்ற இடம் அது. அதில் ஷாதி மஹால் கட்டலாமா என்ற பேச்சு இப்போது ஜமாஅத்தில் நடந்துகொண்டிருக்கிறது. மாணவரின் கேள்வி அங்கிருந்து வந்தது.

அடிப்படை விடை எளிது. பொருள் அழியாமல் நிலைத்திருக்க வேண்டும். அதிலிருந்து மார்க்கம் அனுமதித்த ஒரு பயன் கிடைக்க வேண்டும். நிழலும் காற்றும் இளைப்பாறுதலும் அனுமதிக்கப்பட்ட பயன்கள்தாம். ஆயினும் அவருக்கு நான் சொன்ன விடை இதனோடு முடியவில்லை. இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள டெர்பி என்ற சிறு நகரத்தின் கதையையும் சொன்னேன். அங்கே ஒரு பஞ்சாலை முதலாளி, முஸ்லிம் அல்லாதவர், வக்ஃப் என்ற சொல்லைக் கேட்டிருக்கவும் வாய்ப்பில்லாதவர், நாம் கிதாபுகளில் படிக்கும் அதே சிக்கல்களுக்குள் தம்மையறியாமல் நுழைந்தார். வாசகர்களும் அதை அறிந்துகொள்வது பயனுள்ளது என்று கருதி இங்கே எழுதுகிறேன்.

அவ்வூர்ப் பெயரை எழுத்துப்படி டெர்பி என்று எழுதினாலும் அவ்வூரார் 'டார்பி' என்றே ஒலிக்கிறார்கள். டெர்வென்ட் ஆற்றங்கரையிலுள்ள ஊர். 1721 வாக்கிலேயே ஆற்று நீரின் விசையால் இயங்கும் பெரிய பட்டு ஆலை அங்கே எழுந்துவிட்டது. அதே ஆற்றின் மேற்பகுதியில், குரோம்ஃபோர்டு என்னுமிடத்தில், ரிச்சர்டு ஆர்க்ரைட் 1771-இல் நீர்விசையால் பருத்தி நூற்கும் ஆலையைத் தொடங்கினார். அவருக்குப் பணமும் துணையும் தந்த பங்காளிகளுள் ஒருவர் ஜெடிடையா ஸ்ட்ரட். காலுறை பின்னும் பொறியில் புதுமை செய்து பொருள் சேர்த்தவர் அவர். பிற்பாடு பெல்பர் என்ற ஊரில் தமக்கென ஆலைகளை நிறுவினார். அவருடைய இளைய மகன் ஜோசப் ஸ்ட்ரட் (1765–1844) தாம் நம் கதையின் நாயகர்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் கடந்து செல்ல எனக்கு மனம் வரவில்லை. அக்காலத்தில் சோழமண்டலக் கரையின் கைத்தறித் துணிகள் உலகெங்கும் சென்றன. அந்த வாணிபத்தில் நம் மரைக்காயர்களுக்கும் பெரும் பங்கு இருந்தது. கள்ளிக்கோட்டையின் பெயரால் 'காலிகோ' என்று ஐரோப்பியர் அழைத்த பருத்தித் துணிகளுக்கு இங்கிலாந்தில் இருந்த மோகத்தைக் கண்டு, தம் கம்பளித் தொழிலையும் பட்டுத் தொழிலையும் காக்க அந்நாட்டார் 1700-இலும் 1721-இலும் தடைச் சட்டங்கள் இயற்றினார்கள். ஆர்க்ரைட்டும் ஸ்ட்ரட்டும் முழுப் பருத்தித் துணியைத் தாமே உற்பத்தி செய்யத் தொடங்கியபோது அதே சட்டம் அவர்கள் காலையும் கட்டியது. நாடாளுமன்றத்தில் முறையிட்டு 1774-இல் தங்கள் நாட்டுப் பருத்தித் துணிக்கு மட்டும் விலக்குப் பெற்றார்கள். பிறகு ஐம்பது ஆண்டுகளுக்குள் ஆலை நூலும் ஆலைத் துணியும் நம் துறைமுகங்களுக்கே வந்து இறங்கின. நம் நெசவாளர் குடும்பங்கள் பட்ட பாட்டை நான் விவரிக்கத் தேவையில்லை. டெர்பியின் தோட்டத்தை உண்டாக்கிய செல்வம் இந்த வழியில் வந்த செல்வம். அதன் மூலப்பொருளான பஞ்சும், 1830-களில் பெரும்பகுதி அமெரிக்கத் தென்மாநிலங்களில் அடிமைகள் பறித்த பஞ்சுதான்.

ஜோசப் ஸ்ட்ரட்டைக் கொடியவர் என்று சித்திரிக்க நான் இதைச் சொல்லவில்லை. அவருடைய குடும்பம் திரித்துவக் கோட்பாட்டை ஏற்காத யூனிட்டேரியன் பிரிவைச் சேர்ந்தது. சீர்திருத்த எண்ணம் கொண்டது. தம் வீட்டிலிருந்த ஓவியங்களையும் தோட்டத்தையும் ஊரார் வந்து பார்க்கத் திறந்து வைத்தவர் அவர். 1835-இல் நகராட்சிகளைச் சீர்திருத்தும் சட்டம் வந்தபின் டெர்பியின் முதல் மேயரானார்.

அந்த ஆண்டுகளில் ஆங்கிலத் தொழில் நகரங்களில் உழைப்பாளிகளின் நிலை மிக மோசமாக இருந்தது. ஊர்ப் பொது நிலங்கள் பலவும் வேலியடைக்கப்பட்டுத் தனியார் கைக்குப் போய்விட்டன. நாள் முழுவதும் ஆலையில் நின்றவருக்கு மாலையில் போக இருந்த இடம் மதுக்கடை ஒன்றே. 1833-இல் நாடாளுமன்றக் குழு ஒன்று இதை ஆராய்ந்து, நகரங்களில் மக்கள் உலவுவதற்குத் திறந்த வெளி மிகக் குறைவு என்று அறிக்கை தந்தது. அதே 1833 நவம்பரில் டெர்பியில் பட்டாலைத் தொழிலாளர்கள் சங்கம் சேர்ந்ததற்காக முதலாளிகள் அவர்களை வெளியே நிறுத்திக் கதவடைத்தார்கள். 1834 ஏப்ரல் வரை அது நீடித்தது. முடிவில் பசி தொழிலாளர்களைத் தோற்கடித்தது. தோட்டம் பிறந்தது இந்தச் சூழலுக்கு ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பின்னர். அது அன்பினால் வந்த கொடையா, அமைதி காக்கச் செய்த ஏற்பாடா என்று வரலாற்றாசிரியர்கள் விவாதிக்கலாம். உள்ளத்திலுள்ளதை அல்லாஹ்வே அறிவான். இரண்டும் கலந்தே இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

ஊரின் தெற்கே இருந்த நிலத்தில் ஏறத்தாழ 11 ஏக்கரை இதற்கென ஒதுக்கினார் ஸ்ட்ரட். தோட்டத்தை வடிவமைக்க 1839-இல் ஜான் கிளாடியஸ் லௌடனை அழைத்தார். லௌடனைப் பற்றிச் சில வரிகள் சொல்லியே ஆகவேண்டும். ஸ்காட்லாந்துக்காரர்; தோட்டக்கலையில் அக்காலத்தின் பெரும் எழுத்தாளர். நோயினால் வலக்கையை இழந்தவர். பிறர் எழுத, தாம் சொல்லிச் சொல்லியே நூல்களை முடித்தார். அவருடைய மனைவி ஜேன் அதில் பெருந்துணையாக இருந்தார். பிரிட்டனில் வளரக்கூடிய மரங்கள், புதர்கள் அனைத்தையும் விவரிக்கும் எட்டுத் தொகுதி நூலை 1838-இல் வெளியிட்டார். அந்த நூல் அவருக்குப் புகழைத் தந்தது. சாகும்வரை அடைக்க முடியாத கடனையும் தந்தது. அக்கடனின் சுமையோடுதான் டெர்பிக்கு வந்தார். கிதாபு அச்சிட்டுக் கடனாளியான ஆலிம்கள் சிலரை நானும் அறிவேன். ஆகவே அவர்மீது எனக்குத் தனிப்பட்ட ஓர் இரக்கம் உண்டு.

கொடுக்கப்பட்ட நிலமோ தட்டையானது, நீண்டது, அழகிய காட்சி எதுவும் இல்லாதது. லௌடன் நடுவே நேரான அகன்ற பாதை ஒன்றை அமைத்தார். அதைக் குறுக்காக வெட்டும் பாதை ஒன்றையும், ஓரத்தைச் சுற்றி வளைந்து செல்லும் பாதை ஒன்றையும் அமைத்தார். பாதைகளுக்கிடையே மண்ணைக் குவித்து ஆள் உயரத்துக்கும் மேலான மேடுகளை எழுப்பினார். ஒரு பாதையில் நடப்பவருக்கு அடுத்த பாதையில் நடப்பவர் தெரியமாட்டார். சிறிய இடம் பெரியதாகத் தோன்றும், கூட்டமும் தெரியாது.

மரங்களை அவர் நட்ட முறை இன்னும் நேர்த்தியானது. ஏறத்தாழ ஆயிரம் வகை மரங்களும் புதர்களும். பெரும்பாலும் ஒவ்வொன்றிலும் ஒன்று. ஒவ்வொரு மரத்தையும் சிறு மண்மேட்டின்மேல் நடச் செய்தார். வேர்கள் தண்டிலிருந்து பிரிந்து மண்ணுக்குள் இறங்கும் இடம் கண்ணுக்குத் தெரியவேண்டும், முளை அடித்ததுபோல மரம் நிற்கக்கூடாது என்பது அவர் கொள்கை. ஒவ்வொன்றின் அருகிலும் அதன் பெயர், தாயகம், எவ்வளவு உயரம் வளரும், இந்நாட்டுக்கு எப்போது வந்தது ஆகிய செய்திகளைக் கொண்ட பலகை இருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த தறிக்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை தம் பிள்ளையோடு நடந்து வந்தால், ஒரு சுற்று முடிவதற்குள் உலகின் பல நாடுகளின் மரங்களை அறிந்துகொள்ளலாம். பொழுதுபோக்கையும் கல்வியையும் ஒரே பாதையில் வைத்த இந்த ஏற்பாட்டில்தான் லௌடனின் மேன்மையை நான் காண்கிறேன். நுழைவாயில் மனைகளில் வெளியூரார் வந்து அமர ஓர் அறையும், பொதுக் கழிப்பிடமும் வேண்டும் என்று அவர் திட்டமிட்டதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மக்கள் கூடும் இடத்தைக் கட்டுகிறவர்களில் எத்தனை பேர் இன்றுகூட இதை முதலில் நினைக்கிறார்கள்?

1840 செப்டம்பர் 16, புதன்கிழமை, தோட்டம் நகரிடம் ஒப்படைக்கப்பட்டது. விழா மூன்று நாள் நடந்தது. முதல் நாள் நகர்மன்றத்தாருக்கும் பெரியவர்களுக்கும்; இரண்டாம் நாள் தொழிலாளர்களுக்கு; மூன்றாம் நாள் குழந்தைகளுக்கு. அன்று ஸ்ட்ரட் ஆற்றிய உரையின் கருத்து இன்றும் மேற்கோளாகச் சொல்லப்படுகிறது: தம் செல்வம் யாருடைய உழைப்பின் உதவியால் சேர்ந்ததோ, அவர்களுடைய நலனுக்காக அதில் ஒரு பகுதியைச் செலவிடாவிட்டால் தாம் நன்றிகெட்டவர் ஆவார் என்பது அதன் சாரம். முதலாளி ஒருவர் பொதுமேடையில் இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னது அக்காலத்தில் அரிது. அந்த உழைப்பாளிகளின் கணக்கில் பஞ்சு பறித்த அடிமை சேரவில்லை என்பதும் உண்மை.

இனி வாசகர்கள் கவனிக்கவேண்டிய இடத்துக்கு வருகிறேன்.

ஸ்ட்ரட் தோட்டத்தைக் கொடுத்தார். ஆனால் அதைப் பராமரிப்பதற்கான நிரந்தர வருவாயைக் கொடுக்கவில்லை. தோட்டக்காரருக்குச் சம்பளம், பட்ட மரத்துக்குப் பதில் புது மரம், பாதைக்குச் சரளை, பலகைக்குச் சாயம் ஆகிய அனைத்தையும் நுழைவுக் கட்டணத்திலிருந்தும் சந்தாவிலிருந்தும் தேடிக்கொள்ள வேண்டும் என்பதே ஏற்பாடு. உழைக்கும் மக்களை மனத்தில் கொண்டு வாரத்தில் இரண்டு நாள், ஞாயிறும் புதனும், எவரும் கட்டணமின்றி வரலாம் என்று வைத்தார்கள். மற்ற ஐந்து நாளும் காசு கொடுத்தால்தான் கதவு திறக்கும். புதன்கிழமை ஆலைத் தொழிலாளி ஆலைக்குள் இருப்பார் என்பதை நினைத்தால், அவருக்கு உண்மையில் கிடைத்தது வாரத்துக்கு ஒரு நாள்.

நம் ஃபிக்ஹு நூல்களை வாசித்தவர்களுக்கு இந்தக் குறை உடனே கண்ணில் படும். உமர் (ரலி) அவர்களுக்குக் கைபரில் ஒரு நிலம் கிடைத்தது. அதைவிட விருப்பமான சொத்து தமக்கு வாய்த்ததில்லை என்று சொல்லி நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். மூலத்தை நிறுத்திவைத்து விளைச்சலை தர்மம் செய்யுமாறு வழிகாட்டப்பட்டது. அந்த நிலம் விற்கப்படாது, அன்பளிப்பாகாது, வாரிசுகளுக்குப் பங்காகாது. அதன் விளைச்சல் ஏழைகளுக்கும் உறவினர்களுக்கும் வழிப்போக்கர்களுக்கும் விருந்தினர்களுக்கும் பிற தேவைகளுக்கும் போகும். அதை நிர்வகிப்பவர் நியாயமான அளவில் அதிலிருந்து உண்ணலாம். நிர்வகிப்பவரின் உணவு வரைக்கும் அந்த ஏற்பாடு யோசித்திருப்பதைக் கவனியுங்கள். பிற்காலத்தில் இந்த வழியே பெருகிற்று. உஸ்மானியப் பேரரசி ஹாசகி சுல்தான் 1552-இல் பைத்துல் முகத்தஸ் நகரில் ஏழைகளுக்கான உணவுச்சாலையை நிறுவியபோது, அதற்குச் செலவாகும் கோதுமைக்கும் எண்ணெய்க்கும் கிராமங்களின் வருவாயைச் சேர்த்தே எழுதிவைத்தார். அடுப்பை மட்டும் வக்ஃப் செய்தால் போதாது, விறகையும் வக்ஃப் செய்யவேண்டும் என்று என் உஸ்தாத் சொல்வார்கள்.

இதைச் சொன்னபோது அதே மாணவர் மடக்கினார்: "அப்படியானால் பைருஹா தோட்டம்?" அவர் கேட்டது சரியான கேள்வி. அபூதல்ஹா (ரலி) அவர்களின் பைருஹா தோட்டம் மஸ்ஜிதுன் நபவிக்கு எதிரே இருந்தது. நபி (ஸல்) அவர்கள் அதனுள் சென்று அதன் நல்ல நீரைப் பருகுவது வழக்கம். விருப்பமானதைச் செலவிடுமாறு கூறும் வசனம் இறங்கியபோது அபூதல்ஹா அதையே கொடுத்தார்கள். நபியவர்களின் ஆலோசனைப்படி உறவினர்களுக்குப் பங்கிட்டார்கள். அது வக்ஃபாக அன்று, உடைமையாக்கிக் கொடுத்த தர்மமாக நிறைவேறியது. ஆகவேதான் ஹஸ்ஸான் (ரலி) தம் பங்கைப் பின்னாளில் முஆவியா (ரலி) அவர்களுக்கு விற்க முடிந்தது. அந்த இடத்தில் மாளிகை எழுந்ததையும் ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். கொடுத்தவரின் நற்கூலியில் எக்குறையும் இல்லை. ஆனால் தோட்டம் தோட்டமாக நீடிக்கவில்லை. கொடுக்கும் வகை எதுவோ அதன்படியே பொருளின் ஆயுளும் அமையும்.

டெர்பிக்குத் திரும்புவோம். பணப் பற்றாக்குறையைச் சமாளிக்க நிர்வாகக் குழு ஆண்டுவிழாக்களை நடத்தியது. டெர்பி அப்போது பெரும் ரயில் சந்திப்பாக வளர்ந்துகொண்டிருந்ததால் பல ஊர்களிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் ரயிலேறி வந்தார்கள். வருவாய் வந்தது, கூட்டத்தில் புற்களும் செடிகளும் மிதிபட்டன. அதே ரயில்களின் புகையும் வார்ப்பாலைகளின் கரியும் லௌடனின் மென்மையான மரவகைகள் பலவற்றை வாடவைத்தன. நகரத்துக்குச் செல்வம் தந்த பொருளே தோட்டத்துக்கு நஞ்சானது. 1845-இல் மேலும் சில ஏக்கர் சேர்க்கப்பட்டது. ஸ்ட்ரட் அதற்கு முன்பே, 1844-இன் தொடக்கத்தில், காலமாகிவிட்டார். லௌடன் 1843-இலேயே போய்விட்டார். 1847-இல் லிவர்பூலுக்கு எதிர்க்கரையிலுள்ள பிர்க்கன்ஹெட்டில் நகராட்சிப் பணத்திலேயே உருவான பூங்கா திறக்கப்பட்டது. அதற்குள் எவரும் கட்டணமின்றி நுழையலாம். முன்னோடியான டெர்பியிலோ கதவில் காசு வாங்குவது தொடர்ந்தது.

டெர்பி தோட்டத்தின் கட்டணம் முற்றிலும் நீக்கப்பட்டது 1882-இல். திறப்பு விழாவன்று குழந்தையாகத் தோள்மேல் வந்தவர் நாற்பது வயதைத் தாண்டியிருப்பார். ஓர் ஏழை எந்த நாளும் எந்த நேரமும் தலைநிமிர்ந்து உள்ளே போகும் உரிமைக்கு 42 ஆண்டுகள் ஆயின. கொடையாளியின் பெருந்தன்மையில் குறை இருந்ததாக நான் நினைக்கவில்லை. அவருடைய ஆவணத்தில் ஒரு வரி குறைந்திருந்தது.

பின்னர் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1941-இல் ஜெர்மானிய விமானங்கள் வீசிய குண்டு தோட்டத்தின் இசைமேடையை அழித்தது. அருகிலிருந்த, அனைவரும் அறிந்த காட்டுப்பன்றிச் சிலையும் சிதைந்தது. பிளாரன்ஸ் நகரின் புகழ்பெற்ற சிலையின் நகலான அது முன்பு ஸ்ட்ரட்டின் சொந்தத் தோட்டத்தில் இருந்தது. 1977-இல் டெர்பி மாநகர் என்ற தகுதியைப் பெற்றது. அதற்குள் தோட்டத்தைச் சுற்றிய தெருக்களின் முகமே மாறிவிட்டது. 1950-கள் முதல் பஞ்சாபிலிருந்தும் மீர்ப்பூரிலிருந்தும் வார்ப்பாலை வேலைக்கு வந்தவர்கள் அங்கே குடியேறினார்கள், பள்ளிவாசல்கள் எழுந்தன. இடையில் தோட்டம் பராமரிப்பின்றிச் சீரழிந்தது. 2000-க்குப் பின் லாட்டரி நிதியைக் கொண்டு சீரமைத்தார்கள் (அந்த நிதியின் ஹலால் ஹராம் விவாதத்தை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்). 2005-இல் பன்றிச் சிலைக்குப் பதிலாக வெண்கலத்தில் புதுச் சிலையும் வந்தது. முஸ்லிம் குடும்பங்கள் மிகுந்த ஒரு பகுதியின் பூங்காவுக்கு இதுவா அடையாளம் என்று என் மாணவர்கள் சிரித்தார்கள். அங்குள்ள பிள்ளைகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதாகத் தெரியவில்லை.

பஞ்சாலை முதலாளி தம் ஊர்த் தறிக்காரர்களுக்கென்று விட்ட நிழலில் இன்று மீர்ப்பூர் பேரப்பிள்ளைகள் அமர்ந்திருக்கிறார்கள். ஸ்ட்ரட் இவர்களைக் கனவிலும் கண்டிருக்கமாட்டார். மூலத்தை நிறுத்திவைப்பது என்றால் இதுதான். யார் வந்து பயன்பெறுவார்கள் என்பது கொடுத்தவரின் கையில் இல்லை.

அன்று அஸருக்குப் பின் அந்த மாணவரையும் இன்னும் நால்வரையும் அழைத்துக்கொண்டு எங்கள் தோப்புக்குப் போனேன். தோப்பின் பழைய ஆவணத்தின் நகலை முத்தவல்லியிடம் கேட்டு வாங்கியிருந்தேன். தேங்காய்களின் வருவாயில் முதலில் வேலியையும் கிணற்றையும் பழுதுபார்க்க வேண்டும், மிச்சத்தை வழிப்போக்கருக்குச் செலவிட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. எழுதிவைத்த பெண்மணியின் கைந்நாட்டும் இருந்தது. மாணவர்கள் மரங்களை எண்ணினார்கள். தென்னை முப்பத்தெட்டு, வேம்பு இரண்டு, புளி ஒன்று. கிணற்றில் நீர் இருக்கிறது, வேலிதான் இல்லை. வருகிற வெள்ளி ஜும்ஆவுக்குப் பின் ஜமாஅத் கூட்டத்தில் அந்த ஆவணத்தை வாசிக்க அனுமதி கேட்டிருக்கிறேன்.